அப்ளிகேஷனுக்குள் வாங்கியது எங்கே இருக்கிறது? கல்லாப்பெட்டி மாறும்போது உங்கள் பணம் என்னாகும்?

பிளே ஸ்டோரில் கிடைக்கும் அப்ளிகேஷன்களில் பெரும்பாலானவை இலவசம் என்றுதான் தொடங்கும். டவுண்லோட் செய்து இரண்டு நாள் பயன்படுத்திய பின்னர், "விளம்பரம் இல்லாமல் பார்க்க", "அடுத்த பாடத்தைத் திறக்க", "100 காசுகள் வாங்க" என்று ஒரு சிறிய கட்டம் எழுந்து வரும். அதில் விரலை வைத்தால் திரையின் கீழ்ப் பாதியில் இன்னொரு கட்டம் வந்து, விலையைக் காட்டிப் பணம் கேட்கும். இதற்குத்தான் இன்-ஆப் பர்ச்சேஸ் என்று பெயர். அப்ளிகேஷனை விட்டு வெளியே வராமல், அதன் உள்ளேயே இருந்து வாங்குவது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. முதலில் வந்த கட்டம் அப்ளிகேஷனைத் தயாரித்தவருடையது. இரண்டாவதாக வந்த கட்டம் அவருடையது அல்ல. அது கடைக்காரருடையது. ஆண்ட்ராய்ட் போன் என்றால் கூகுள். ஐபோன் என்றால் ஆப்பிள். பணத்தை வாங்கிக் கல்லாவில் போடுவதும், ரசீது தருவதும், கணக்கு வைத்திருப்பதும் கடைக்காரர்தான். அப்ளிகேஷன் தயாரித்தவர் தன் புரோகிராமிலிருந்து இந்தக் கல்லாவோடு பேசுவதற்குக் கடைக்காரர் ஒரு வழியை அமைத்துத் தருகிறார். இந்த வழியைத்தான் இன்டர்பேஸ் அல்லது ஏ.பி.ஐ. என்கிறார்கள்.

இந்த வழியைக் கூகுளும் ஆப்பிளும் அவ்வப்போது மாற்றிக் கொண்டே இருக்கின்றன. மாற்றும்போதெல்லாம் உலகெங்கும் உள்ள புரோகிராமர்கள் தங்கள் அப்ளிகேஷன்களைத் திருத்தி எழுத வேண்டியுள்ளது. நமக்கென்ன, அது அவர்கள் வேலை என்று இருந்துவிடலாம். ஆனால், அப்டேட் ஆன மறுநாள், காசு கொடுத்து நீக்கிய விளம்பரம் திரும்பவும் வந்து நின்றால் நாம்தானே தவிக்கிறோம்? திருத்துறைப்பூண்டியில் என்னிடம் போனைக் கொண்டு வந்து நீட்டுபவர்களில் பாதிப் பேர் கேட்பது இதைத்தான்: "நான் கட்டின பணம் போயிடுச்சா சார்?" இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், பணம் கட்டும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்து கொள்ள வேண்டும்.

டோக்கனும் மாஸ்டரும்

திருவிழாக் காலத்தில் கூட்டம் அதிகமுள்ள ஹோட்டல்களைப் பார்த்திருப்பீர்கள். கல்லாவில் பணத்தைக் கட்டி டோக்கன் வாங்க வேண்டும். டோக்கனை டீ மாஸ்டரிடம் நீட்ட வேண்டும். மாஸ்டர் காசைத் தொடுவதில்லை. டோக்கனைப் பார்க்கிறார், டீ ஆற்றுகிறார், டோக்கனைக் கிழித்துப் போடுகிறார். கிழித்த டோக்கனைக் கொண்டு இரண்டாவது டீ கேட்க முடியாது.

அப்ளிகேஷனுக்குள் வாங்குவதும் அச்சு அசலாக இப்படித்தான். நீங்கள் "வாங்கு" என்பதைத் தொட்டவுடன், அப்ளிகேஷன் தன்னுள் இருக்கும் பில்லிங் லைப்ரரி என்ற சிறு புரோகிராம் தொகுப்பை அழைக்கிறது. அது உங்கள் போனில் உள்ள பிளே ஸ்டோருக்குத் தகவல் சொல்கிறது. பிளே ஸ்டோர், கூகுளின் சர்வரைத் தொடர்பு கொண்டு, இந்தப் பொருளுக்கு இந்தியாவில் என்ன விலை, உங்கள் அக்கவுண்ட்டில் எந்தெந்தப் பணம் செலுத்தும் வழிகள் பதிவாகி உள்ளன என்று கேட்டு வாங்கி, அந்த இரண்டாவது கட்டத்தைத் திரையில் காட்டுகிறது. நீங்கள் யு.பி.ஐ. மூலமோ வேறு வழியிலோ பணம் செலுத்துகிறீர்கள். பணம் சேர்ந்தவுடன் கூகுள் ஒரு நீண்ட எழுத்துச் சரத்தை அப்ளிகேஷனிடம் தருகிறது. இதற்கு அவர்கள் வைத்துள்ள பெயரே பர்ச்சேஸ் டோக்கன் என்பதுதான்.

டோக்கன் கைக்கு வந்தவுடன், ஒழுங்கான அப்ளிகேஷன் உடனே கதவைத் திறந்துவிடுவதில்லை. டோக்கனைத் தன்னுடைய சர்வருக்கு அனுப்பும். அந்த சர்வர் கூகுளின் சர்வரிடம், "இது நீங்கள் கொடுத்ததுதானா?" என்று நேரடியாகக் கேட்கும். ஆம் என்று பதில் வந்த பிறகே உங்களுக்குப் பொருள் கிடைக்கும். எதற்கு இந்தச் சுற்றுவழி? போலி டோக்கன் அடிப்பவர்கள் இருக்கிறார்களே! 2012 ஜூலையில், ரஷ்யாவைச் சேர்ந்த ஒருவர் ஐபோன் அப்ளிகேஷன்களை ஏமாற்றிப் பணம் கட்டாமலே வாங்குவதற்கு ஒரு வழியைக் கண்டுபிடித்து ஊரறியச் செய்தார். தன் சர்வரை ஆப்பிளின் சர்வர் போல நடிக்க வைத்துப் போலி ரசீதுகளைக் கொடுத்தார். ரசீதை உண்மைதானா என்று சரியாகச் சோதிக்காத அப்ளிகேஷன்கள் எல்லாம் ஏமாந்தன.

அடுத்து ஒரு முக்கியமான கட்டம். பொருளைக் கொடுத்துவிட்டேன் என்று அப்ளிகேஷன் கூகுளுக்கு ஒப்புதல் தெரிவிக்க வேண்டும். 2019-ல் வந்த பில்லிங் லைப்ரரியின் 2 ஆவது பதிப்பிலிருந்து இது கட்டாயமாக்கப்பட்டது. மூன்று நாட்களுக்குள் ஒப்புதல் வரவில்லை என்றால், பணம் வாங்கியவருக்கே திரும்பிவிடும். மாஸ்டர் டோக்கனைப் பார்க்கவே இல்லை என்றால் கல்லாவிலிருந்து காசு திரும்பி வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். பணம் கட்டிச் சில நாள் கழித்து, கேட்காமலே அது திரும்பி வந்து, பிரீமியமும் மறைந்துவிட்டால், பெரும்பாலும் காரணம் இதுதான். புரோகிராமர் புதிய வழிக்கு மாறும்போது இந்த ஒப்புதல் வரியை எழுதாமல் விட்டிருப்பார். திருட்டு ஒன்றும் நடந்துவிடவில்லை.

டோக்கன்களில் மூன்று வகை உண்டு. விளையாட்டில் வாங்கும் காசு, உயிர் போன்றவை டீ டோக்கன் மாதிரி. பயன்படுத்தியவுடன் கிழிக்கப்படும், மறுபடியும் வாங்கலாம். விளம்பரத்தை நிரந்தரமாக நீக்குவது, ஒரு பாடப் புத்தகத்தை முழுமையாகத் திறப்பது போன்றவை பாத்திரக் கடையில் பாத்திரம் வாங்குவது மாதிரி. ஒருமுறை வாங்கினால் உங்களுடையது, டோக்கன் கிழிக்கப்படுவதில்லை. மூன்றாவது சந்தா. பால்காரர் கணக்குப் போல, நீங்கள் வேண்டாம் என்று சொல்லும் வரை ஓடிக் கொண்டே இருக்கும்.

இந்தப் பிரிவை மனதில் வைத்துக் கொள்ளவும். பின்னால் இது பயன்படும்.

மீட்டர் கேஜும் அகலப் பாதையும்

சரி, நன்றாக ஓடிக் கொண்டிருக்கும் வழியை ஏன் மாற்ற வேண்டும்?

எங்கள் ஊர் ரயில்வே ஜங்ஷனே இதற்கு நல்ல உதாரணம். முன்பு இங்கே வந்தவை மீட்டர் கேஜ் ரயில்கள். இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே சரியாக ஒரு மீட்டர். இன்று இருப்பது 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை. திருவாரூர் - காரைக்குடி பாதையில் 2019-ல் அகலப் பாதை ரயில் ஓடத் தொடங்கியது. இங்கிருந்து அகஸ்தியம்பள்ளி செல்லும் 37 கிலோமீட்டர் பாதை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ஊர் அதே ஊர்தான், ஸ்டேஷனும் அதேதான். ஆனால் பழைய பெட்டி புதிய தண்டவாளத்தில் ஏறாது. புதிய பெட்டிகள் வேண்டும். அவை வந்த பிறகு, முன்பு நினைத்துப் பார்க்காத ஊர்களிலிருந்தெல்லாம் நேராக ரயில் வர முடியும்.

ஒரே ஒரு வேறுபாடு. ரயில்வே வேலை முடியும் வரை பாதையை மூடி வைத்தது. டெல்டாக்காரர்கள் பல ஆண்டுகள் பஸ்ஸிலேயே அலைந்தார்கள். சாப்ட்வேர் உலகில் அப்படி மூட முடியாது, பணம் நின்றுவிடும். எனவே பழைய பாதையையும் புதிய பாதையையும் சில காலம் பக்கத்துப் பக்கத்தில் ஓட விடுகிறார்கள். கூகுள் தன் பில்லிங் லைப்ரரியின் ஒவ்வொரு பெரிய பதிப்பிற்கும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆயுள் கொடுக்கிறது. அதற்குள் புரோகிராமர்கள் அடுத்த பாதைக்கு மாறிவிட வேண்டும்.

ஆண்ட்ராய்டில் இந்த வசதி 2011 மார்ச்சில் வந்தது. அப்போது பிளே ஸ்டோருக்கு ஆண்ட்ராய்ட் மார்க்கெட் என்று பெயர். 2012 டிசம்பரில் மூன்றாவது பதிப்பு வந்தது. இவற்றில் ஸ்டோருடன் பேசுவதற்கான ஒவ்வொரு செய்தியையும் புரோகிராமரே கையால் எழுத வேண்டும். ஒரு இடத்தில் தவறினாலும் பணம் போய்ப் பொருள் வராமல் நிற்கும். 2017-ல்தான் இவற்றை எல்லாம் கட்டித் தரும் பில்லிங் லைப்ரரி வெளியானது. 2021 ஆகஸ்ட்டிலிருந்து புதிய அப்ளிகேஷன்களும், அந்த ஆண்டு நவம்பரிலிருந்து பழையவற்றின் அப்டேட்களும், லைப்ரரியின் 3 ஆவது பதிப்பையோ அதற்குப் பிந்தையதையோ பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று கூகுள் விதித்தது. பின்னர் ஒவ்வொரு ஆண்டும் படி உயர்ந்தது. 2025 ஆகஸ்ட் 31-க்குப் பிறகு 7 ஆவது பதிப்போ அதற்கு மேலோ இல்லாமல் அப்டேட் வெளியிட முடியாது என்று ஆனது. கூடுதல் அவகாசம் கேட்டவர்களுக்கு நவம்பர் 1 வரை நேரம் தரப்பட்டது. 8 ஆவது பதிப்பு 2025 ஜூன் மாத இறுதியிலேயே வந்துவிட்டது.

எண்களை எல்லாம் நீங்கள் நினைவில் வைக்க வேண்டாம். இரண்டு மாற்றங்களை மட்டும் சொல்கிறேன். இவை நம் பையைத் தொடுபவை.

முதலாவது 2022 மே மாதம் 5 ஆவது பதிப்பில் வந்தது. அதற்கு முன் ஒரு அப்ளிகேஷனின் மாதச் சந்தா ஒரு பொருள், ஆண்டுச் சந்தா இன்னொரு பொருள், பொங்கல் தள்ளுபடி வேறொரு பொருள் என்று புரோகிராமர் தனித்தனியே உருவாக்கி வைப்பார். இப்போது சந்தா என்பது ஒன்று. அதற்குள் மாதத் திட்டம், ஆண்டுத் திட்டம். அந்தத் திட்டங்களுக்குள் சலுகைகள். பத்திரிகைச் சந்தாப் படிவம் போல. இதோடு முன்கூட்டியே பணம் கட்டும் திட்டமும் வந்தது. மொபைல் ரீசார்ஜ் மாதிரி, ஒரு மாதத்துக்குக் கட்டினால் ஒரு மாதம். தானாகப் பணம் எடுக்காது. நம்மூருக்கு மிகப் பொருத்தமான திட்டம் இதுதான் என்பது என் கருத்து. ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் இதைத் தருவதில்லை. நீங்கள் மறந்து போவதில்தான் சிலருக்கு வருமானமே இருக்கிறது.

இரண்டாவது 8 ஆவது பதிப்பில் வந்த மாற்றம். முன்பு ஒரு அப்ளிகேஷன், நீங்கள் எப்போதோ வாங்கிய, முடிந்து போன டோக்கன்களின் பழைய பட்டியலையும் கேட்டுப் பெற முடியும். அந்த வசதி எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது அப்ளிகேஷன் கேட்டால், உயிரோடு இருக்கும் வாங்குதல்கள் மட்டுமே கிடைக்கும். கிழித்த டீ டோக்கன் கணக்கு வேண்டுமென்றால் தயாரிப்பாளர் தன் சொந்த சர்வரில்தான் எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஆப்பிளில் நடந்தது வேறு மாதிரி. 2009-ல் ஐபோனில் வந்த ஸ்டோர்கிட் என்னும் இன்டர்பேஸ் பல ஆண்டுகள் அப்படியே ஓடியது. 2021-ல் ஸ்டோர்கிட் 2 வந்தது. ஒவ்வொரு வாங்குதலுக்கும் தனித்தனியே ஆப்பிளின் டிஜிட்டல் கையெழுத்து. அதை போனே சரிபார்க்கலாம். பணத்தைத் திரும்பக் கேட்கும் படிவத்தை அப்ளிகேஷனுக்குள்ளேயே காட்டும் வசதியும் வந்தது. ஐ.ஓ.எஸ். 15-க்கு முந்தைய போன்களில் இது ஓடாது என்பதால் பலர் தயங்கினார்கள். 2024-ல் ஆப்பிள் பழைய இன்டர்பேஸைக் கைவிடும் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ப்பது என்றால் உடனே நின்றுவிடும் என்று பொருளல்ல. புதிதாக வேலை செய்பவர்கள் இனி அதைத் தொட வேண்டாம் என்பதுதான்.

ரிசர்வ் வங்கி போட்ட வேகத்தடை

இந்தியாவில் மட்டும் இந்த மாற்றங்களுக்கு இன்னொரு காரணம் சேர்ந்து கொண்டது. கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி கொண்டு வந்த விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. முதல் முறை ஓ.டி.பி. போன்ற கூடுதல் சோதனை வேண்டும். ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு உங்களுக்குத் தகவல் வர வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் ஒப்புதல் வேண்டும். 2022 ஜூனில் இந்த வரம்பு 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

நல்ல விதிகள்தான். ஆனால் உலகம் முழுமைக்கும் ஒரே மாதிரி கட்டப்பட்ட கல்லாக்கள் இதற்குத் தயாராக இல்லை. ஆப்பிள் 2022-ல் இந்தியக் கார்டுகளை ஏற்பதையே நிறுத்திக் கொண்டு, யு.பி.ஐ., நெட் பேங்கிங், முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் ஆப்பிள் அக்கவுண்ட் இருப்பு ஆகியவற்றின் பக்கம் மக்களைத் திருப்பியது. கூகுள் 2022 நவம்பரில் யு.பி.ஐ. ஆட்டோபே வசதியைப் பிளே ஸ்டோர் சந்தாக்களுக்குக் கொண்டு வந்தது. பலருடைய சந்தாக்கள் அந்த நாட்களில் சொல்லாமல் கொள்ளாமல் நின்று போனதற்கு இதுவே காரணம்.

சென்னைக் கம்பெனியின் வழக்கு

கல்லாவோடு பேசும் வழி மாறுவது ஒரு பக்கம். கல்லாவே யாருடையது என்பது இன்னொரு பக்கம். இதில் நம் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு.

2020 செப்டம்பரில் கூகுள், டிஜிட்டல் பொருள் விற்கும் எல்லா அப்ளிகேஷன்களும் தன் பில்லிங் வழியாகத்தான் பணம் வாங்க வேண்டும் என்று திட்டவட்டமாக அறிவித்தது. அதில் 30 சதவீதம் கட்டணம். இந்திய நிறுவனங்கள் கொதித்தெழுந்தன. இந்தியாவுக்கான கெடு தள்ளிப் போனது. கட்டணமும் குறைந்தது, 2021 ஜூலையிலிருந்து ஆண்டுக்கு முதல் 10 லட்சம் டாலர் வருமானம் வரை 15 சதவீதம், 2022 ஜனவரியிலிருந்து சந்தாக்களுக்கு 15 சதவீதம் என்று ஆனது. 2022 அக்டோபர் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம், தன் பில்லிங்கைக் கட்டாயப்படுத்தியது தவறு என்று கூறி, கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

அதன் பின் கூகுள், வாங்குபவரே கல்லாவைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கு அனுமதித்தது. தயாரிப்பாளர் தன் சொந்தக் கல்லாவையும் கூகுளின் கல்லாவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டலாம். சொந்தக் கல்லாவில் பணம் கட்டப்பட்டால் கூகுளின் கட்டணத்தில் 4 சதவீதம் மட்டும் குறையும். அதாவது 100 ரூபாய்க்கு 15 போவதற்குப் பதில் 11 போகும். சொந்தக் கல்லா நடத்தும் செலவு தயாரிப்பாளர் தலையில். இதில் என்ன மிச்சம் என்று அவர்கள் கேட்டார்கள்.

பாரத் மேட்ரிமோனியை நடத்தும் சென்னை மேட்ரிமோனி.காம் உள்ளிட்ட நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றம் சென்றன. 2023 ஆகஸ்ட்டில் தனி நீதிபதியும், 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வும் இவர்கள் பக்கம் தீர்ப்பளிக்கவில்லை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தர மறுத்தது. மார்ச் 1 அன்று கூகுள், கட்டணம் செலுத்தவில்லை என்று 10 நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. பாரத் மேட்ரிமோனி, நௌக்ரி, 99 ஏக்கர்ஸ் போன்ற பெயர் பெற்ற அப்ளிகேஷன்கள் பிளே ஸ்டோரிலிருந்து காணாமல் போயின. மத்திய அரசு தலையிட்டுப் பேசியது. சில நாட்களில் அவை திரும்பி வந்தன. 2025 மார்ச்சில் தேசியக் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், கூகுள் தன் வலிமையைத் தவறாகப் பயன்படுத்தியது என்பதை ஓரளவு உறுதி செய்து, அபராதத்தை 216.69 கோடி ரூபாயாகக் குறைத்தது. அதன் பின் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

யார் பக்கம் நியாயம்? கட்டணம் வெறும் பணம் வாங்கித் தருவதற்கு மட்டுமல்ல, ஆண்ட்ராய்டையும் ஸ்டோரையும் நடத்துவதற்கும் சேர்த்துத்தான் என்பது கூகுளின் வாதம். அது உண்மைதான். ஆனால், ஊரில் ஒரே ஒரு சந்தைதான் இருக்கிறது, அதில் கடை போட்டால் தராசும் சந்தைக்காரருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றால் வியாபாரிக்கு வலிக்கும். பெரிய கம்பெனிகள் வழக்காடும். ஒற்றை ஆளாக உட்கார்ந்து தமிழ்க் காலண்டரோ பள்ளிப் பாட அப்ளிகேஷனோ செய்பவர் என்ன செய்வார்? கட்டணத்தையும் கொடுத்து, ஆண்டுதோறும் பில்லிங் பகுதியையும் திருத்தி எழுத வேண்டும். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அப்ளிகேஷன் பழைய பதிப்பிலேயே நின்றுவிடும். கெடு முடிந்தாலும் உங்கள் போனில் இருப்பது உடனே நின்றுவிடாது. ஆனால் அப்டேட் எதுவும் வராது.

எனவே பணம் கட்டும் முன் பிளே ஸ்டோரில் அந்த அப்ளிகேஷனின் பக்கத்தைத் திறந்து, "அபௌட் திஸ் ஆப்" பகுதியில் கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று பார்க்கவும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அப்டேட் இல்லை என்றால் நான் ஒரு ரூபாய்கூடக் கட்ட மாட்டேன்.

உங்கள் பொருள் இருப்பது போனில் அல்ல

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். வாங்கிய பிரீமியம் எங்கே இருக்கிறது? போனில் இல்லை. அப்ளிகேஷனிலும் இல்லை. கடைக்காரரின் பேரேட்டில், உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் அக்கவுண்ட்டின் பெயருக்கு நேரே எழுதப்பட்டிருக்கிறது. புரோகிராமர் எந்தப் பாதைக்கு மாறினாலும் அந்தப் பேரேடு அப்படியே இருக்கும். புதிய இன்டர்பேஸ் வழியாகக் கேட்டாலும் அதே பதில்தான் வரும்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பேரனுக்காக ஒரு கணக்குப் பாட அப்ளிகேஷனை முழுமையாக வாங்கியிருந்தார். புதிய போன் வாங்கினார். எல்லாப் பாடங்களும் மறுபடி பூட்டிக் கிடந்தன. அப்டேட்டில் ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபமாக வந்தார். நான் பார்த்தபோது, புதிய போனில் அவருக்குத் தெரியாத ஒரு ஜிமெயில் முகவரி இருந்தது. போன் விற்ற கடைப் பையன் அவசரத்தில் புதிதாக ஒன்றை உருவாக்கிக் கொடுத்திருக்கிறான். இது பல ஊர்களில் நடப்பதுதான். பழைய ஜிமெயில் முகவரியை அந்தப் போனில் சேர்த்து, பிளே ஸ்டோரில் அந்த அக்கவுண்ட்டுக்கு மாறி, அப்ளிகேஷனை அன்-இன்ஸ்டால் செய்து, மறுபடி இன்ஸ்டால் செய்தோம். பாடங்கள் திறந்து கொண்டன. பழைய முகவரியின் பாஸ்வேர்ட் அவரது டைரியில் இருந்ததால் பிழைத்தார். இல்லை என்றால் வாங்கியது அவ்வளவுதான்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் முதலில் அக்கவுண்ட்டைச் சோதிக்கவும். பிறகு அப்ளிகேஷனின் செட்டிங்ஸ் பகுதியில் "ரீஸ்டோர் பர்ச்சேஸ்" என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டால் அப்ளிகேஷன் பேரேட்டை மறுபடி கேட்கும். நிரந்தரமாக வாங்கியதும், ஓடிக் கொண்டிருக்கும் சந்தாவும் இதில் திரும்பி வந்துவிடும். விளையாட்டுக் காசு வராது. அது கிழித்த டோக்கன். அந்த விளையாட்டில் தனியாக லாகின் செய்து வைத்திருந்தால் மட்டுமே அது தயாரிப்பாளரின் சர்வரிலிருந்து கிடைக்கும்.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் எளிது. பிரவுசரில் பிளே ஸ்டோர் தளத்தைத் திறந்து, உங்கள் அக்கவுண்ட்டில் லாகின் செய்திடவும். மேலே வலது மூலையில் உங்கள் படத்தில் கிளிக் செய்து, "பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். ஓடிக் கொண்டிருக்கும் சந்தாக்களும், இதுவரை வாங்கியவற்றின் பட்டியலும் கிடைக்கும். பெரிய திரையில் இதைப் பார்க்கும்போதுதான், எதெதற்கெல்லாம் மாதாமாதம் பணம் போகிறது என்பது பலருக்குத் தெரிய வருகிறது. ஐபோன் என்றால் செட்டிங்ஸில் மேலே உள்ள உங்கள் பெயரைத் தொட்டு, "சப்ஸ்கிரிப்ஷன்ஸ்" செல்லவும்.

அப்ளிகேஷனை அன்-இன்ஸ்டால் செய்தால் சந்தா நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். நிற்காது. பேரேட்டில் போய் "கேன்சல் சப்ஸ்கிரிப்ஷன்" கொடுத்தால்தான் நிற்கும். கேன்சல் செய்த பிறகும், கட்டிய காலம் முடியும் வரை பயன்படுத்தலாம்.

தவறுதலாக வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்குப் பின் என்றால் தயாரிப்பாளரைத் தொடர்பு கொள்ளச் சொல்வார்கள். இரண்டுக்கும் ஆர்டர் எண் வேண்டும். வாங்கியவுடன் ஜிமெயிலுக்கு வரும் ரசீதில், ஜி.பி.ஏ. என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் எண் அது. அந்த மெயில்களை அழிக்காமல் தனி போல்டரில் போட்டு வைக்கவும்.

வீட்டில் குழந்தைகள் போனை எடுப்பார்கள் என்றால், பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் பாஸ்வேர்டோ விரல் ரேகையோ கேட்கும்படி அமைத்திடவும்.

இன்னொன்று. அப்ளிகேஷன் புதிய பில்லிங் முறைக்கு மாறுகிறது, உங்கள் சந்தாவையும் மாற்ற வேண்டும், வந்திருக்கும் ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள் என்று யாராவது போனில் பேசினால் இணைப்பைத் துண்டித்துவிடவும். மேலே சொன்ன மாற்றங்கள் அனைத்தும் புரோகிராமருக்கும் கடைக்காரருக்கும் இடையில் நடப்பவை. அதில் உங்களிடம் கேட்டுப் பெற வேண்டியது எதுவும் இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது அப்டேட் வரும்போது அதை இன்ஸ்டால் செய்வது மட்டும்தான். அதையும் பிளே ஸ்டோரிலிருந்தோ ஆப் ஸ்டோரிலிருந்தோ மட்டுமே செய்திடவும். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் ஏ.பி.கே. பைலைத் தொட வேண்டாம்.